ஒரு வரி மேலே

ஞாயிறு ஆராதனை முடிந்து
கைதட்டல் ஓய்ந்த பின்
பின்னறையில் நான் காசு எண்ணுவேன்.
கிராண்ட்பாஸில் முன்பு டயர்க் கிடங்காக இருந்த மண்டபம்.
ஏசி பூட்டியும் போகவில்லை
றப்பர் மணம்.

பன்னிரண்டு வருடம் வங்கியில் பழகிய விரல்கள்.
ஐயாயிரம் தனி, ஆயிரம் தனி,
கசங்கிய இருபதுகளை
மேசை விளிம்பில் தேய்த்து நிமிர்த்துவேன்.
உறைகளை எண்ணத்தான் வரவில்லை.
'விதை' என்று அச்சடித்த உறை.
கீழே கோடு போட்ட இடத்தில்
வேண்டிய அறுவடையை எழுத வேண்டும்.

கனடா விசா.
மகன் குடியை மறக்க.
தெகிவளையில் சொந்த வீடு, மூன்று அறை.
ஒரு பிள்ளை பென்சிலால்: அப்பா வர.

அன்றைக்கு ஓர் உறையில் பதினெட்டாயிரம்,
ஓர் ஐயாயிரத்தின் முனை கிழிந்து.
கோட்டில்:
'செபமாலைக்குச் சிறுநீரகம். தோடு அடைவு வைத்தது.'
ஆண்டவருக்கு அத்தாட்சி வேண்டும்போல
எழுதியிருந்தாள்.

பாஸ்டர் அன்று பேசியது
விதவையின் இரண்டு காசு.
உள்ளதெல்லாம் போட்டாள், பாருங்கள், என்றார்.
மேடை விளக்கில் அவர் கைக்கடிகாரம்
மீன் செதில்போல் மினுங்கிற்று.
வீட்டுக்குப் போய் அவள் என்ன தின்றாள் என்று
அவர் சொல்லவில்லை.
வேதமும் சொல்லவில்லை.

எண்ணுகிறவளுக்கு ஒரு பழக்கம்:
கணக்கு உதைத்தால்
ஒரு வரி மேலே போய்ப் பார்ப்பது.
பார்த்தேன்.
காசுக்கு மேல்வரியில் நிற்கிறார்கள்
நீள அங்கிக்காரர்,
செபத்தை இழுத்து இழுத்து
விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள்.
காசுக்குக் கீழ்வரியில்
கோயில் இடிகிறது, ஒரு கல்லும் மிஞ்சாமல்.
நடுவில் அவள்.
நாங்கள் கத்தரித்து எடுத்து
உறையில் ஒட்டிய அவள்.

திருடினேன் என்றும் சொல்லலாம்.
செவ்வாய்க்கிழமை மட்டக்குளி பஸ்ஸில்
பதினெட்டாயிரமும் என் மடியில் இருந்தது.
காக்கைத்தீவுப் பக்கம், களனி கடலைத் தொடுமிடத்தில் வீடு.
கூரைத் தகரத்தில் காகங்கள்,
விதைக்காதவை, களஞ்சியம் இல்லாதவை,
ஒரு கருவாட்டுத் தலைக்குச் சண்டை பிடித்தபடி
அன்றைய பொழுதைத் தின்றுகொண்டிருந்தன.

செபமாலை அண்ணன் பாயில் கிடந்தார்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு.
வீங்கிய காலில் விரல் அழுத்தினால்
குழி அப்படியே நின்றது.
'எனக்கு விசுவாசம் காணாதாம், தங்கச்சி'
என்று சிரித்தார், மன்னிப்புக் கேட்பதுபோல்.
மேர்சலின் அக்கா தேநீர் ஊற்றப் போன நேரம்
மருந்துப் பைக்குள் காசைச் செருகினேன்.
முள்ளை எடுத்துவிடும் என்று
மூன்று தரம் மன்றாடிய அப்போஸ்தலனுக்கும்
முள் அப்படியே இருந்ததே அண்ணே,
அவனுடைய விசுவாசத்தை
எந்தத் தராசில் நிறுத்தார்கள்?
இதை நான் சொல்லவில்லை.
தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு
மேர்சலின் அக்கா கையில் மைக்.
காதில் வெறும் துளைகள்.
'விதைச்சு மூன்றாம் நாள்,' என்றாள்,
'மருந்துப் பைக்குள்ளே. போட்டது போட்டபடி.'
மண்டபம் எழுந்து நின்றது. டிரம்ஸ் அதிர்ந்தது.
பாஸ்டர் அழுதார்.
நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார்,
அதுதான் என்னை உலுக்கியது.
'இனி இரட்டிப்பாய்' என்றார்
கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்று உறைகளை மேசை கொள்ளவில்லை.
நாலாவது கட்டில் வந்தது
நான் நிமிர்த்திய அதே ஐயாயிரம்,
முனை கிழிந்தது.
கோட்டில் அதே கையெழுத்து,
அதே சிறுநீரகம்.

தொகை எழுதினேன். உதைத்தது.
மறுபடி எண்ணினேன்.
ஒரு சதம் பிசகவில்லை,
ஆனாலும் உதைத்தது.
பழக்கத்தில் விரல்
ஒரு வரி மேலே போயிற்று.
அங்கே,
எண்ணியவர் என்ற இடத்தில்,
நீல மையில்
என் பெயர்.